கேமராவில் தெரிவது எந்தப் புல எண்? வருவாய், வேளாண் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வருவாய்த் துறை, வேளாண்மை–உழவர் நலத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோபுரத்தில் சுழலும் கேமராவைப் பொருத்தி, அதன் படத்தை, புலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தோடு இணைத்தால், வயலில் மண் அள்ளுவதும் வாய்க்காலை மூடுவதும் அன்றைக்கே தெரிந்துவிடும். நல்ல கேமரா கடையில் கிடைக்கும். ஆனால் படத்தில் நிற்கும் பொக்லைன் எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்று சொல்வதுதான் கடினம். நோட்டீஸ் போகப்போவது அந்த எண்ணின் பட்டாதாரருக்கு.

கணக்கைப் பாருங்கள். 30 மீட்டர் உயரக் கேமரா 1 கி.மீ. தள்ளியுள்ள வயலைப் பார்க்க 1.7 டிகிரிதான் கீழே சாய்கிறது. அந்தச் சாய்வில் 0.1 டிகிரி பிசகினால் இடம் 62 மீட்டர் தள்ளிப்போகும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கமே 64 மீட்டர்தான்! பக்கவாட்டில் அதே பிசகுக்கு 1.7 மீட்டர்தான் விலகும். 300 மீட்டர் தொலைவில் சாய்வுப் பிசகும் 5 மீட்டரில் நின்றுவிடும். ஆகவே 400 மீட்டருக்கு அப்பால் மென்பொருள் தானாகப் புல எண் போட விடாதீர்கள். அதற்கு மேல் தெரிவதை வி.ஏ.ஓ.வுக்குத் தகவலாக மட்டும் அனுப்பலாம்.

0.1 டிகிரி பிசக பெரிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை. பல்சக்கரம் தேய்ந்தாலும், கோபுரம் காற்றில் ஆடினாலும் போதும். பொருத்தும்போதே மதகின் மூலை, மோட்டார் கொட்டகையின் மூலை, சுண்ணாம்பு அடித்த அளவுக்கல் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களை டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் அளந்து, அவற்றைக் கொண்டு கேமராவின் திசையையும் சாய்வையும் கணக்கிட வேண்டும். நான்கு புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். தினமும் காலையில் கேமரா அவற்றைத் தானே பார்த்து, விலகல் 5 மீட்டரைத் தாண்டினால் அன்றைய எச்சரிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும்.

உயரத்திலும் ஒரு பொறி உண்டு. ஜிபிஎஸ் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து எடுத்தது அல்ல. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். திருத்தாமல் விட்டால் தஞ்சாவூர்க் கோபுரத்தின் கேமரா பூமிக்கடியில் இருந்து வயலைப் பார்ப்பதாகக் கணக்கு வரும். தரையின் உயரத்தில் 1 மீட்டர் தவறே 1 கி.மீ. தொலைவில் 33 மீட்டர் ஆகிறது. 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு இதற்கு உதவாது.

வரைபடத்தின் பக்கம் வருவோம். எஃப்.எம்.பி. ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாக வரைந்தது. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. கணினியில் ஏற்றி அருகருகே ஒட்டும்போது ஓரிடத்தில் இடைவெளி விழும், இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூன்று எல்லைகள் சேரும் இடத்தில் நட்ட முச்சந்திக் கற்களைத் தேடிப்பிடித்து அளந்து கிராமம் முழுவதையும் ஒன்றாகப் பொருத்த வேண்டும். கல் காணாமல் போயிருந்தால் நில அளவையர்தான் நட வேண்டும். 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே போவதால் யுடிஎம் என்ற வரைபட ஆயத்தொலை முறையில் கோவை 43-ஆம் மண்டலத்திலும் தஞ்சை 44-இலும் வருகின்றன. ஒரே மண்டலத்தை இரண்டுக்கும் வைத்த ஒப்பந்ததாரரின் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

இரவும் பகலும் வீடியோ ஓட வேண்டியதில்லை. விநாடிக்கு 4 மெகாபிட் வீடியோ நாளொன்றுக்கு 43 ஜிபி. கிராமத்து 4ஜி தாங்காது. குறித்த கோணங்களில் நாளுக்கு நான்கு முறை படம் எடுத்தால் போதும், மாற்றம் தெரிந்தால் மட்டும் வீடியோ.

பம்புசெட்டில் பெண்கள் குளிக்கிறார்கள். பம்புசெட், வீடு, கொல்லை இவற்றின் எல்லையை வரைபடத்தில் குறித்துவிட்டால், கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பகுதியைக் கேமராவுக்குள்ளேயே மறைத்துவிடலாம். சர்வருக்கு வந்த பிறகு மறைப்பது போதாது.

டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: எச்சரிக்கை ஒவ்வொன்றும் புல எண்ணோடு பிசகு எல்லையையும் காட்ட வேண்டும், அந்த எல்லை இரண்டு உட்பிரிவுகளைத் தொட்டால், நேரில் பார்க்காமல் நோட்டீஸ் கிடையாது.

இப்படிக்கு,
நில அளவை, வரைபடத் தொழிலில் உள்ள சிலர்