அப்பளப் படம் போட்டீர்கள், தண்ணி வண்டியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் வந்தாலே அந்தப் படம் வந்துவிடும். ராஜஸ்தான் எல்லையில் ஒரு ஜவான் சுடுமணலுக்குள் அப்பளத்தைப் புதைத்து எடுப்பார், அது பொரிந்து வந்திருக்கும். இந்த வருடம் உங்கள் பத்திரிகையிலும் வந்திருந்தது. படம் பொய்யில்லை, அந்த மணலில் நானும் நின்றவன்தான். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அப்பளம் சுட்ட அந்தப் பையன் அப்புறம் குடித்த தண்ணி எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள்? யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஏ.எஸ்.சி.யில், அதாவது ராணுவத்துக்குச் சாப்பாடு, தண்ணி, டீசல் எல்லாம் கொண்டுபோகிற பிரிவில், டிரைவராக இருந்தவன். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 'ஆபரேஷன் பராக்ரம்' என்று பெரும் படையை எல்லைக்கு நகர்த்தினார்களே, அப்போது நாங்கள் ஜெய்சல்மேர் பக்கம் போனோம். இன்றைக்கு சண்டை, நாளைக்கு சண்டை என்று பத்து மாதம் அங்கேயே இருந்தோம். 2002 அக்டோபரில்தான் திரும்பச் சொன்னார்கள். சண்டை நடக்கவில்லை, ஆனால் கான்வாய், அதாவது வரிசையாகப் போகிற எங்கள் வண்டிகள், ஒரு நாளும் நிற்கவில்லை. எல்லையில் இத்தனை பேர் காத்திருந்தால் இத்தனை பேருக்கும் தினமும் பசிக்கும், தாகம் எடுக்கும் இல்லையா?

கோடையில் மூன்று மணிக்கே எழுந்துவிடுவோம். ஒரு மக் தண்ணியில் பல் தேய்த்து, முகம் கழுவி, அதிலேயே சவரமும் முடிய வேண்டும். லங்கரில், அதாவது ராணுவச் சமையல் கூடத்தில், டீ, பூரி, வழிக்கு ஒரு பொட்டலம் சக்கர்பாரா என்கிற இனிப்புத் துண்டுகள். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் ஃபர்ஸ்ட் பரேடு என்கிற வண்டிச் சோதனை: ஆயில், ரேடியேட்டர் தண்ணி, ஃபேன் பெல்ட், ஸ்டெப்னி, ஒவ்வொரு வீல் நட்டும் கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். ஒரு நட்டை விட்டுவிட்டால் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மொத்த கான்வாயும் உங்களுக்காக வெயிலில் நிற்கும். எங்கள் வண்டி ஸ்டாலியன், அசோக் லேலண்ட் செய்தது. நம்ம மெட்ராஸ் கம்பெனி வண்டி என்று பஞ்சாப்காரனிடமும் ஜாட் பையனிடமும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அங்கே நிலத்தடித் தண்ணி நிறைய இடங்களில் உப்பு. நல்ல தண்ணி என்றால் இந்திரா காந்தி கால்வாய்தான், பஞ்சாபில் ஹரிக்கே அணையில் கிளம்பி 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஜெய்சல்மேர் மாவட்டத்துக்கு வருகிறது. கால்வாய் எட்டாத இடத்துக்கு பௌசர் என்கிற தண்ணி டாங்கர் வண்டிதான் கால்வாய். ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட் வழியாக எல்லையோர ஊரான தனோட் சுமார் 120 கிலோமீட்டர். நம்ம ஊரில் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற தூரம். ஆனால் கான்வாயில் வேகம் நம் கையில் இல்லை, முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட்டே போக வேண்டும், பத்து வண்டியும் போய்ச் சேர்ந்தால்தான் ஒரு வண்டி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. தார் ரோட்டை விட்டு மணலில் இறங்கிவிட்டால் மணிக்கணக்கு என்பதே கிடையாது.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைப்போம். காற்று குறைந்த டயர் ஒட்டகத்தின் பாதம் மாதிரி பரந்து மிதிக்கும், புதையாது. திரும்பத் தாருக்கு வந்ததும் மறக்காமல் காற்று பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் டயர் வெடித்துவிடும். மணல் ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றக் கூடாது, படக்கென்று பிரேக் பிடிக்கக் கூடாது. சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்ததும் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவன் தன் குழியைத் தானே தோண்டுகிறான். எங்களுக்கு வண்டி ஓட்டப் பழக்கிய உஸ்தாத் அதைச் சொல்லித் தர கத்தியதே இல்லை, இறங்கி வந்து மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நிற்பார், அவ்வளவுதான். ஜூன் மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு நாலு சக்கரத்துக்கு முன்னாலும் மணலை வாரி இரும்புத் தகடு போட்டு வண்டியை வெளியே எடுத்தவனுக்கு அந்தப் பாடம் சாகும்வரை மறக்காது. பானெட் கொக்கியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும், வெறும் கை பட்டால் கொப்புளம். சாயங்காலம் ஏழரை மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். நம்ம ஊர்ப் பழக்கத்தில் ஆறரைக்கு மேல் வெயில் தாழ்ந்துவிடும் என்று உடம்பு எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும்.

சாகல் என்று ஒன்று உண்டு, கேன்வாஸ் துணியில் தைத்த தண்ணிப் பை. நிரப்பி வண்டிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும். துணி கசிந்து நனைந்துகொண்டே இருக்கும், அனல் காற்று அதன் மேல் அடிக்க அடிக்க உள்ளே இருக்கிற தண்ணி குளிரும். பத்து மணிக்கு கேபினில் இருக்கிற பிளாஸ்டிக் கேனில் தண்ணி டீ போடுகிற சூட்டில் இருக்கும், சாகல் தண்ணியோ புதுப் பானைத் தண்ணி மாதிரி தொண்டையில் இறங்கும். எந்தக் காற்று நம்மைக் கருக்குகிறதோ அதே காற்றுதான் அந்தத் தண்ணியையும் குளிர்விக்கிறது. இருபத்து நாலு வருடம் ஆகிவிட்டது, ஃபிரிட்ஜைத் திறக்கும்போது சில சமயம் அந்த ஈரத் துணி வாசனை எனக்கு இன்னும் வருகிறது.

அந்த வருடம் எல்லையோரம் முழுக்கக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். முள்கம்பியில் சிவப்பு முக்கோணம் தொங்கும், அதற்கு நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்தில் பாதை. ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்தால் மணல் நகரும், நேற்று இருந்த தடம் இன்றைக்கு இருக்காது. ராத்திரி ஹெட்லைட் போடக் கூடாது. முன் வண்டியின் பின் ஆக்சிலில் வெள்ளை பெயின்ட் அடித்து அதன் மேல் ஒரு சின்ன பல்பு இருக்கும், அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டேதான் பின்னால் போக வேண்டும். கண் இமைத்தால் புள்ளி போய்விடுமோ என்று பயமாக இருக்கும். தூக்கம் வராமல் இருக்க கோ-டிரைவர் ஏதாவது பேசிக்கொண்டே வருவான். என் கோ-டிரைவர் தேனிக்காரன், தன் ஊர் வாய்க்காலில் குளித்த கதையையே திரும்பத் திரும்பச் சொல்லுவான். தனோட்டில் மாதா கோயில் இருக்கிறது, எல்லைப் பாதுகாப்புப் படை பார்த்துக்கொள்கிறது. நம்ம ஊர் எல்லையம்மன் மாதிரிதான், அங்கே கும்பிடாமல் எந்த டிரைவரும் தாண்ட மாட்டான்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் அக்கா மகன் ராணுவ ஆள் சேர்ப்புக்காகத் தினமும் ஓடுகிறான், நல்ல பையன். போன வாரம் என்னிடம் வந்து, "மாமா, டிரைவர் டிரேடு கொடுத்தா வேண்டாம்னு நினைக்கிறேன், அது மிலிட்டரி மாதிரியே இல்ல" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. அவன் பார்த்த படத்தில் எல்லாம் துப்பாக்கி இருக்கிறது, ஸ்டீரிங் இல்லை. அவனை எப்படிக் குறை சொல்வது? அப்புறம், இப்போது அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம், அதில் கால்வாசிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மணலைப் புரிந்துகொள்ள எனக்கே பிகானீர் பக்கம் ஒரு கோடை, ஜெய்சல்மேரில் ஒரு கோடை என்று இரண்டு கோடை ஆனது. கற்றுக்கொண்டவன் ஊருக்குப் போய்விட்டால் அடுத்து வருகிறவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே என்பது என் கவலை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் உங்கள் நிருபர் ஒருவரை ராஜஸ்தானுக்கு அனுப்புங்கள். எல்லை போஸ்டுக்கு நேராகப் போக வேண்டாம். அனுமதி கிடைத்தால் தண்ணி வண்டியில் ஏறச் சொல்லுங்கள், அதுவும் கேபினில், டிரைவருக்குப் பக்கத்தில். மூன்று மணிக்குத் தயாராக இருக்க வேண்டும், தலைக்கு ஒரு பருத்தித் துண்டு வேண்டும். வண்டி போய் நின்றதும் போஸ்டில் இருக்கிற பையன்கள் காலி கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், அந்த முகங்களைப் படம் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ டிரைவர்,
வேலூர் மாவட்டம்.