கிவு ஏரிக்கரையில் வீடு பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ருவாண்டாவின் கிசேனியில் ஏரியை ஒட்டியே வீடு பார்ப்பதாக எழுதியிருந்தாய். "கிவு ஏரி ஒருநாள் வெடிக்குமாமே, நிஜமா அப்பா?" என்றும் கேட்டிருந்தாய். அந்தப் பேச்சு கேமரூனிலிருந்து கிளம்பியது.

கேமரூனின் வடமேற்கில் நியோஸ் என்று ஓர் எரிமலைவாய் ஏரி. சுமார் 208 மீட்டர் ஆழம். பூமிக்கடியிலிருந்து வரும் கரியமில வாயு அடிநீரில் கரைந்துகொண்டே இருக்கும். மேலே நிற்கும் நீரின் எடைதான் அதை வெளியே விடாமல் வைத்திருப்பது. குளிர்நாட்டு ஏரிகளில் பருவம் மாறும்போது மேல்நீரும் அடிநீரும் புரண்டு கலக்கும்; வாயு அவ்வப்போது வெளியேறிவிடும். நியோஸில் அந்தப் புரட்டல் இல்லை, சேர்ந்துகொண்டே போயிற்று. 1986 ஆகஸ்ட் 21 இரவு அடிநீர் கொஞ்சம் மேலே தள்ளப்பட்டது. மண்சரிவு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அழுத்தம் குறைந்ததும் குமிழிகள் வந்தன. குமிழி கலந்த நீர் லேசாகி மேலேற, கீழிருந்த நீர் அந்த இடத்துக்கு வர, அதிலும் குமிழிகள். கோலி சோடாவைத் திறந்தால் நடப்பதேதான். வெளியேறிய வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் பள்ளத்தாக்குகளில் இறங்கிப் பரவியது. ஏறத்தாழ 1,700 பேர் இறந்தார்கள்.

அதற்கான வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. 2001-ல் ஏரியின் அடிவரை ஒரு குழாயை இறக்கினார்கள். தொடக்கத்தில் மட்டும் பம்பு போட்டால் போதும். அடிநீர் ஏறத் தொடங்கியதும் குமிழிகளே இழுத்துக்கொள்ளும், பம்பை நிறுத்திவிடலாம். நீர் 50 மீட்டர் உயரத்துக்குப் பீச்சியடித்தது. ஆளைக் கொன்ற அதே விசையை ஒரு குழாய்க்குள் அடக்கி வேலை வாங்கியிருக்கிறார்கள். 2011-ல் இன்னும் இரண்டு குழாய்கள் சேர்த்தார்கள்.

கிவு இதைவிட மிகப் பெரியது. ஆழம் 480 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதில் கரியமில வாயுவோடு மீத்தேனும் உண்டு. ஆழம் போகப் போக அங்கே நீர் வெதுவெதுப்பாகும். சூடான நீர் மேலே வரவேண்டும் அல்லவா? உப்பும் கரைந்த கரியமில வாயுவும் அதைக் கனமாக்கி அடியிலேயே நிறுத்திவிடுகின்றன. கரைந்த வாயுவின் அழுத்தமும் அந்த ஆழத்து நீரழுத்தத்தைவிட நன்றாகவே குறைவு. 2002-ல் நியிராகோங்கோ எரிமலைக் குழம்பு, எல்லைக்கு அப்பால் காங்கோவில் இருக்கும் கோமா ஊருக்குள் புகுந்து ஏரியிலும் விழுந்தது. வாயு நிறைந்த அடுக்குகள் அசையவில்லை. ருவாண்டாக் கரையில் கிபுயே பக்கம் இந்த மீத்தேனை எடுத்து மின்சாரம் ஆக்குகிறார்கள். வாயு எடுத்தபின் நீரை எந்த ஆழத்தில் திருப்பிவிடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். மேலே விட்டால் அடிநீரின் சத்துகளும் நச்சு வாயுவும் மீன்கள் வாழும் அடுக்கைக் கெடுக்கும். தப்பான அடுக்கில் விட்டால் அடுக்குகளின் பிடிப்பு தளரும்.

ஆகவே ஏரியை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். நீ பார்க்க வேண்டியது தரையை. கோமா, கிசேனி வட்டாரத்தில் எரிமலைப் பாறை வெடிப்புகள் வழியாகக் கரியமில வாயு கசிந்து பள்ளங்களில் தேங்கும். 'மசுக்கு' என்பார்கள். நிறமில்லை, பெரும்பாலும் வாசனையும் இல்லை. காற்று அசையாத இரவிலும் விடியலிலும் அதிகம் தேங்கும், வெயிலும் காற்றும் வந்தால் கலைந்துவிடும். நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. குனிந்தவரும் குழந்தையும் நாயும்தான் முதலில் விழுவார்கள்.

நம் ஊரில் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதை அங்கே நம்பாதே. பத்து சதவீதம் தாண்டினாலே சில நிமிடங்களில் நினைவு தப்பும். அப்போதும் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். கரியமில வாயுவையே அளக்கும் கருவி ஒன்று வாங்கித் தரைமட்டத்தில் வை. ஆக்சிஜன் மீட்டர் மட்டும் போதாது. பள்ளத்தில் யாராவது விழுந்து கிடந்தால் நீ இறங்காதே, மூச்சுக்கருவி உள்ளவர்களைக் கூப்பிடு.

மேட்டில் வீடு பார். நிலவறையோ, தாழ்ந்த பின்கட்டோ இருந்தால் வேண்டாம். பாறை வெடிப்பின்மேல் கட்டியதா, சுற்றுவட்டத்தில் கோழி, ஆடு காரணமில்லாமல் செத்ததுண்டா என்று வீட்டுக்காரரிடம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடு.

அன்புடன்,
அப்பா