சாக வேண்டிய செல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், ‘செல்கள் சாவதைத் தடுத்துவிட்டால் புற்றுநோய் அண்டாது’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. பன்னிரண்டு வாரம் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டவள் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

விஷயம் நேர்மாறானது என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. செல் இரண்டாகும் முன் மரபணுக்களைத் தாங்கும் தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்து, நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் மெல்லிய இழைகளால் இழுத்துச் சமமாகப் பங்கிடுகிறது. ஒன்றில் இழை சரியாகப் பிடிக்காவிட்டாலும் வேலை நிற்க வேண்டும். பங்கு பிசகினால் அந்தச் செல் தானே மடிய வேண்டும். மடியச் சொல்லும் பி53 புரதம் பழுதானால், சாக வேண்டியது சாகாமல் பெருகுகிறது. பிசகிய பங்கீட்டிலிருந்தே புற்று தொடங்குகிறது என்று ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் போவெரி 1914இலேயே எழுதினார். செல் இப்படித் தானே மடியும் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ பற்றிய ஆய்வுக்கு 2002இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

என் பயாப்ஸி அறிக்கையின் பின்பக்கத்தில் மருத்துவர் இதைப் பேனாவால் வரைந்து காட்டினார். இரண்டு புள்ளிகள், நடுவே கோடுகள். இந்த மருந்து கோடுகளை அசையவிடாமல் இறுக்கும், பிரிய முடியாத செல் மடியும் என்றார். அதே வகை இழைகள் நரம்பிலும் உண்டு. அதனால் விரல் நுனிகள் மரத்துப்போயின. இன்றும் சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறேன்.

முன்பு ஒருமுறை மார்பகப் புற்றுநோயைப் ‘பரம்பரை நோய்’ என்று தலைப்பிட்டீர்கள். பிறவியிலேயே வந்த மரபணு மாற்றத்தால் வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். அந்தத் தலைப்புக்குப் பிறகு என் மகளை உறவினர்கள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அப்போதும் எழுதினேன். விளக்கத்தை வெட்டிவிட்டு, கட்டுரைக்கு நான் சொல்லியிருந்த நன்றியை மட்டும் வெளியிட்டீர்கள். ஆண்களுக்கும் இந்நோய் வரும் என்று ஒரு வரியாவது போடுங்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு பெண், தங்கள் இதழை மடித்துக் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு இரண்டு ஊசிதான் முடிந்திருக்கிறது. “அக்கா, செல் சாகக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். இந்த மருந்து செல்லைக் கொல்கிறதாமே, நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்டாள். மருத்துவரிடம் கேட்காமல் எதையும் நிறுத்தாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் சொன்னதைவிட அச்சில் இருந்ததையே அவள் நம்பினாள் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஊசி வியாழக்கிழமை. தங்கள் இதழ் அதற்கு முன்னால் வந்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி