லீவுக்கு ஏரிப்பக்கம் போகிறவர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பரீட்சை முடிகிற நேரம் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் லீவுக்கு எங்கே போகிறோம் என்ற பேச்சுதான். இந்த முறை நிறையப் பேர் சொன்னது மலை மேல் ஒரு ஏரி, கரையிலேயே ரிசார்ட், போட்டிங். நல்லது, போய் வாருங்கள். ஆனால் கடல் என்றால் பயப்படுகிற நாம் ஏரி என்றால் 'அது சும்மா குளம் மாதிரிதானே' என்று விட்டுவிடுகிறோம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலை இல்லாததுதான் வில்லங்கமே. ஊட்டி ஏரி, 1863-இல் உருவான கொடைக்கானல் ஏரி, 1873-இல் உருவான நுவரெலியா கிரகரி ஏரி மூன்றுமே ஓடும் தண்ணீரைத் தேக்கி மனிதர்கள் உண்டாக்கியவை. இப்படிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் எங்கே ஆழம் என்று மேலே பார்த்தால் தெரியாது, முழங்கால் அளவுதான் என்று நம்பி வைக்கிற அடுத்த அடியில் பிள்ளை மூழ்கிவிடலாம், அடியில் சேறு வேறு. அப்புறம் குளிர். 1000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும், தண்ணீரும் அதற்கேற்பச் சில்லென்றிருக்கும். திடீரென்று அதில் விழுந்தால் நம்மை அறியாமலே வாயைத் திறந்து மூச்சை இழுப்போம், அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீச்சல் கிளாஸ் போகிற பிள்ளைக்கும் இதுதான்.

போன வருடம் நாங்களும் போயிருந்தோம். படகுத்துறையில் என் பேரனுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், நேராகக் காது வரை வந்துவிட்டது! பெரியவர்கள் சைஸ். மாற்றிக் கேட்டதற்குக் குவியலில் இருந்து வந்த அடுத்ததில் பக்கிள் உடைந்திருந்தது, மூன்றாவதுதான் சரியாக இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

கரையில் விளையாடும்போது, சித்தி பார்ப்பாள் என்று பெரியப்பாவும், பெரியப்பா பார்ப்பார் என்று சித்தியும் இருந்துவிட வேண்டாம். ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்து, அந்த நேரம் போனைப் பையில் போட்டுவிடுங்கள். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கத்தாது, பெரும்பாலும் சத்தமே வராது. வெயிலுக்குத் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும், குளிரில் அது உறைக்காது.

லீவுக்கு வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. படகில் ஏறும் முன் அந்தத் தோள் சோதனையைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள், பிரேயரில் எனக்கு ஜாக்கெட்டை மாட்டி நிற்க வைத்து, தோளில் பிடித்து அதைத் தூக்கிப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்