நாலடிக்குக் குறையக் கூடாது

அன்புள்ள சிதம்பரம்,

இங்கே எல்லோரும் நலம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். லோகு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான், கும்பகோணம் கல்யாணத்தில் நீ ஒளித்து ஒளித்துத் தின்ற ஜாங்கிரி உட்பட. எனக்கு இப்போது வேண்டியது ஒரு சுவர்க் கணக்கு. போனில் கேட்டால் டிவியைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவாய். காகிதத்தில் வந்தால்தான் நீ பேனாவை எடுப்பாய், அதனால் இந்தக் கடிதம்.

பின்புறத்தில், மாமரத்துக்குக் கிழக்கே, கோய் என்கிற ஜப்பானிய அலங்கார மீனுக்கு ஒரு குளம் கட்டப்போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. மரத்துக்குக் கிழக்கே என்றால் உச்சி சாய்ந்த பிறகு நிழல் குளத்தின் மேல் விழும். இலையும் விழும்தான், வலை போட்டு அள்ளிக்கொள்ளலாம். கோயம்புத்தூர் வெயில் உங்கள் தஞ்சாவூர் வெயில் அளவுக்கு இல்லை என்றாலும் சித்திரையில் அதுவும் சும்மா விடாது.

இடம் முடிவாகிவிட்டது. அளவில்தான் ரகளை. கடைக்காரர் விரல் நீளக் குஞ்சு ஒன்றைக் காட்டி, "ஆறுக்கு நாலு, ரெண்டடி ஆழம் தாராளம் சார்" என்றார். அந்தக் குஞ்சு நல்ல தண்ணீரில் சில வருஷத்தில் இரண்டடி நீளம் வளரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நீயே போட்டுப் பார். 6 × 4 × 2, ஆக 48 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 1,360 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் வேண்டும் என்பது இதை வளர்ப்பவர்கள் கைக்கணக்கு. அந்தத் தொட்டியில் ஒரே ஒரு மீனைத் தனிமைச் சிறையில் வைக்கலாம்.

கொத்தனார் வேறு வழியில் வந்தார். "ஆழம் எதுக்குங்க, அகலமாப் போட்டுக்கலாம். பாறை வந்தா நான் பொறுப்பில்லீங்க." அவர் சொன்னது 16 × 12, இரண்டடி ஆழம். நான் சொல்வது 12 × 8, தண்ணீர் நாலடி. இரண்டும் 384 கன அடிதான், ஏறக்குறைய 10,900 லிட்டர். அதே தண்ணீர், பத்து மீனுக்குப் போதும். அப்புறம் எதற்காக நான் இந்த நாலடிக்காக ஊரோடு சண்டை போடுகிறேன்?

மேற்பரப்பைப் பார். அவருடையது 192 சதுர அடி, என்னுடையது 96. வெயில் காய்வது அதன் மேல்தான், தண்ணீர் ஆவியாகிப் போவதும் அதன் வழியாகத்தான். ஆழம் குறைந்த தண்ணீர் பகலில் சட்டென்று சூடாகி ராத்திரி சட்டென்று ஆறும், அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு ஆகாது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்து நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கு மூச்சு அதிகம் வாங்கும் நேரம் பார்த்துத் தண்ணீரில் காற்று குறைகிறது. மீன் கழிக்கும் அம்மோனியாவின் விஷமும் சூட்டில் ஏறும். பரப்பு அதிகம் என்றால் காற்று நன்றாகக் கலக்குமே என்று நீ கேட்பாய், தெரியும். அதற்கு ஒரு ஏர் பம்ப் போதும். வெயிலைக் குறைக்க எந்த பம்பும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மீனுக்குப் பூர்வீகம் ஜப்பானில் நீகாதா பக்கத்து மலைக்கிராமங்கள். ஆளுயரத்துக்குப் பனி கொட்டும் ஊர். குளிர்நாட்டுக்காரன் மேலே ஐஸ் கட்டினாலும் அடியில் மீன் பிழைக்கட்டும் என்று ஆழம் தோண்டுகிறான், நான் வெயிலுக்குப் பயந்து அதே ஆழம் தோண்டுகிறேன். இன்னொன்று, மடையான். பக்கத்துக் காலிமனையில் தினமும் வந்து நிற்கிறது. சரிவான கரை என்றால் நடந்து இறங்கிவிடும். செங்குத்துச் சுவரும் நாலடித் தண்ணீரும் என்றால் அதற்குக் கால் ஊன்ற இடமில்லை.

பூச்சு வேலையும் எனக்குத்தான் குறைவு. தரையும் சுவரும் சேர்த்து அவருக்கு 304 சதுர அடி, எனக்கு 256. இதைச் சொன்னதும் கொத்தனார் கொஞ்ச நேரம் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று முழங்கோலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிங்க, உங்க பணம்" என்றார். விசாலத்தைச் சம்மதிக்க வைக்க இத்தனை கணக்கு தேவைப்படவில்லை. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், அந்த ஆயிரம் லிட்டரும் உன் வாழைக்குத்தான் என்றேன். உடனே, "ஆறடியாத் தோண்டுங்களேன்" என்கிறாள்.

ஒத்துக்கொள்ளாதது காயத்ரிதான். சித்திரையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், அதற்கு இரண்டு வயசு. "அப்பா, குளமே வேண்டாம், வேணும்னா ஒரு அடிக்குப் போட்டுக்கோ" என்று போனில் அழாத குறை. அவள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லைடா. ஆனால் ஒரு அடி என்றால் ஆபத்தில்லை என்று அவள் நினைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கணேசன் வீட்டுத் தொட்டி எத்தனை அடி? ஒன்றரை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும்போது. நானும் நீயும் அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. காயத்ரியிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஆழத்தைக் குறைப்பதால் மட்டும் குழந்தை பிழைத்துவிடாது, குழந்தை தண்ணீர்கிட்டே போகாமல் தடுத்தால்தான் பிழைக்கும்.

அதனால் இப்படி யோசித்திருக்கிறேன். மொத்தம் நாலரை அடிச் சுவர். இரண்டரை அடி மண்ணுக்குள், இரண்டடி தரைக்கு மேலே. பாறை பயமும் குறையும், மழையில் தோட்டத்துச் சேறு உள்ளே வழிந்து வராது. ஆனால் இரண்டடிச் சுவரை இரண்டு வயசுக் குழந்தை எட்டிப் பிடித்துத் தொங்கும். ஆகவே குளத்தின் மேல் முழுக்க இரும்புக் கம்பி வலைக் கதவு, பூட்டோடு. சுற்றிலும் நாலடிக்கு வேலி தனியாக. குளத்தின் அழகு கெட்டுவிடும் என்று பையன் முனகுகிறான். கெடட்டும். பேத்திக்கு நீச்சல் வந்தபிறகு கழற்றிக்கொள்ளலாம்.

இனி உன் வேலை. நாலடித் தண்ணீர் என்றால் சுவர் நீளத்தில் அடிக்கு அடி சுமார் 225 கிலோ தள்ளும் என்று போட்டிருக்கிறேன், சரியா பார். நிறைந்திருக்கும்போது மேல் இரண்டடிக்கு வெளியே மண் தாங்கல் கிடையாது, கழுவ வற்றவிட்டால் கீழே மண் உள்பக்கம் தள்ளும். 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டையும் தாங்குமா, கம்பி கட்டி கான்கிரீட் போட வேண்டுமா? கொத்தனார் செங்கலே போதும் என்கிறார், அவர் எதற்கும் அதையேதான் சொல்வார். தரையை நடுவுக்குச் சரித்து அங்கிருந்து 4 அங்குலக் குழாயை ஃபில்டர் தொட்டிக்கு எடுக்கிறோம். அதைத் தரை போடும் முன்பே பதிக்க வேண்டும், அப்புறம் உடைத்துத்தான் வைக்கலாம். ஃபில்டருக்குக் குளத்தில் பத்தில் ஒரு பங்காவது இடம் விட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மொத்தத் தண்ணீரும் அதன் வழியாகப் போய் வர வேண்டும், அதாவது மணிக்கு ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டர். இதில் ஏதாவது இடித்தால் சொல்.

தை பிறந்ததும் வேலை ஆரம்பம். அதற்குள் படம் போட்டு அனுப்பு, பொதுப்பணித்துறை வேகத்தில் வேண்டாம். முடிந்தால் நேரிலேயே வா, விசாலம் சர்க்கரை இல்லாத பாயசம் வைக்கிறாளாம். ஃபீஸ் என்று மீனைக் கேட்காதே. உனக்கு எதைப் பார்த்தாலும் குழம்பு ஞாபகம்தான் வரும்.

அன்புடன்,
ராமு