உடுக்கை, குடம் ஒலித்தொகுப்பை ஏன் திரும்ப வெட்டினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கணினியில் பாட்டு அமைக்க உடுக்கை, குடம் அடிகளைத் தனித்தனி ஃபைல்களாகத் தரும் எங்கள் வில்லிசைத் தாள ஒலித்தொகுப்பை வாங்கிய சிலர், "கிரிட்டில் (தாளக் கட்டத்தில்) சரியாகத்தான் வைக்கிறேன், ஆனாலும் உடுக்கை பின்னால் இழுக்கிறது" என்று சொன்னீர்கள். உங்கள் கணினி ஒலியைத் தாமதமாகத் தரும் லேட்டன்சியாக இருக்கும் என்று முதலில் பதில் சொல்லிவிட்டோம். அது தவறு. குறை எங்கள் ஃபைல்களில்தான் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரே டேக்கில் வரிசையாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, அடி அடியாக வெட்டும் வேலையை மென்பொருளிடம் விட்டிருந்தோம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விடும்படி அதில் அமைப்பு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சில ஃபைலில் 5 மில்லிசெகண்ட், சிலவற்றில் 20 வரை. தனியாகத் தட்டிக் கேட்டால் தெரியாது. கிக் டிரம்மோடு சேரும்போதுதான் தெரியும். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பாட்டில் ஒரு பதினாறாம் நோட்டு, அதாவது ஒரு தட்டில் கால் பங்கு, சுமார் 167 மில்லிசெகண்ட். அதில் 20 போனால் எட்டில் ஒரு பங்கு போயிற்று. ஃபைலுக்கு ஃபைல் அந்த அளவு மாறியதால், டிராக்கை மொத்தமாக முன்னால் நகர்த்தியும் உங்களுக்குச் சரிவரவில்லை.

இந்த முறை எல்லா அடியையும் கையால் வெட்டியிருக்கிறோம். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒலி முதன்முதலில் அசையும் இடத்தைப் பிடித்து, அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டு. வேறு இடத்தில் வெட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். உடுக்கைக்கு இது எளிது, விரல் பட்டதும் அலை சடாரென்று எழும். குடம் அப்படி விட்டுக்கொடுக்காது. மட்டை வாயில் படும் 'தப்' முதலில் வரும், உள்ளே இருக்கும் காற்று 'கும்' என்று எழுவது அதற்கு அப்புறம். திரையில் பெரிதாகத் தெரிவது 'கும்' என்பதால் அங்கேதான் வெட்டத் தோன்றும். அங்கே வெட்டினால் மட்டை போய்விடும், மிஞ்சுவது ஏதோ ஒரு சிந்தசைசர் பேஸ் போல இருக்கும். கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் 'தப்' இல்லாமல் குடம் குடமாகவே கேட்காது. அதனால் குடத்துக்கு மட்டும் நிறைய நேரம் செலவானது.

அடுத்தது சத்த அளவு. ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்யாதீர்கள் (ஒரே உச்ச அளவுக்கு ஏற்றாதீர்கள்) என்று கேட்டுக்கொள்கிறோம். மெல்லிய அடியும் ஓங்கிய அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் வாசித்தவரின் கை காணாமல் போய்விடும். நான்கு வெலாசிட்டி லேயர் (மெல்லியதிலிருந்து ஓங்கியது வரை அடியின் நிலைகள்), ஒவ்வொன்றிலும் மூன்று அடி என்று கொடுத்திருக்கிறோம். மூன்றையும் சுழற்சியில் போடுங்கள். ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் உருட்டு வாசிப்பு இயந்திரத் துப்பாக்கி போல ஆகிவிடும். உடுக்கையின் இடையை அமுக்கிச் சுருதியை வளைக்கும் இடங்களை மட்டும் துண்டு போடாமல் முழுச் சொற்கட்டாகவே (தாளத் தொடராகவே) விட்டிருக்கிறோம். தனி அடிகளை ஒட்டி அந்த வளைவைக் கொண்டுவர நாங்களும் முயன்று பார்த்தோம், வரவில்லை.

புதிய தொகுப்பு தாமதமானதற்கு இன்னொரு காரணம் வானிலை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து உடுக்கை மந்தமாகிவிடும். சூடு காட்டி வாசித்தாலும் பத்து நிமிடத்தில் சுருதி இறங்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்து பதிவில் தாழ்ந்த உறுமல் ஒன்றைச் சேர்க்கும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை நீக்கினால் அதில் பெரும்பகுதி போய்விடும், குடத்துக்குச் சேதமில்லை. ஆனாலும் காற்று ஓய்ந்த இரவுகளில் எடுத்ததைத்தான் இந்தத் தொகுப்பில் சேர்த்திருக்கிறோம்.

'பழைய ஹிப்ஹாப் கரகரப்போடு தரமுடியுமா' என்று சிலர் கேட்டீர்கள். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற, ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி 12 பிட்டில், 26 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்தது. மொத்தமே பத்து செகண்ட்தான் கொள்ளும். இடம் மிச்சம் பிடிக்க நிமிடத்துக்கு 33 சுற்று வேக இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, பிறகு சுருதியை இறக்கினார்கள். அந்தக் கரகரப்பு அப்படி வந்தது. நாங்கள் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் சுத்தமாகவே தருகிறோம். கரகரப்பை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், சேர்த்துக் கொடுத்ததை எடுக்க முடியாது.

நண்பர்களுக்கு அனுப்பும்போது எம்பி3 ஆக்காதீர்கள். அந்த மாற்றமே தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் சேர்க்கும், பழைய குறை திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் என்றால் வேவ் ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

தொகுப்பை வாங்கிய எல்லாருக்கும் புதியது இலவசம். பழைய லிங்க்கிலேயே கிடைக்கும். பென் டிரைவில் வாங்கியவர்கள் நாகர்கோவில் கடைக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். ஃபைல் பெயர்கள் மாறவில்லை, அதனால் ஓர் எச்சரிக்கை: இழுவையைச் சரிசெய்ய நோட்டுகளைக் கையால் முன்னால் நகர்த்தி முடித்த பாட்டு இருந்தால், அதற்குப் பழைய ஃபோல்டரையே வைத்துக்கொள்ளுங்கள். புதியதை அதன்மேல் போட்டால் உடுக்கை கிக்குக்கு முன்னால் ஓடிவிடும்.

அன்புடன்,
ஒலிப்பதிவுக் கூடத்தார்,
நாகர்கோவில்