விருந்து வேண்டாம் அண்ணி, சாப்பாடு போதும்

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று அண்ணன் போனில் சொன்னார். பிள்ளைகள் இருந்த மாடி அறைக்கு ஆகஸ்ட்டில் இரண்டு மாணவிகள் வருகிறார்களாமே, ஒருத்தி கொரியா, இன்னொருத்தி எத்தியோப்பியா. சாப்பாடும் நம் வீட்டிலேயே என்று ஒப்புக்கொண்டீர்களாம். நல்ல காரியம். ஆனால் “உங்கண்ணி யூடியூப் பார்த்து பாஸ்தா பழகிக்கொண்டிருக்கிறாள்” என்று அவர் பெருமையாகச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. இங்கே டெல்லி முனிர்க்காவில் என் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தேசத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பாஸ்தாவை விட்டுவிடுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள். முதல் மூன்று நாள் வடை, பாயசம், பிரியாணி என்று அசத்திவிடுவோம். நாலாம் நாள் நமக்கு முதுகு வலி, அவர்களுக்கு வயிற்று வலி. வரப்போகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். நீங்களும் அண்ணனும் தினமும் சாப்பிடுவதையே சமையுங்கள்: சாதம், பருப்பு, ஒரு பொரியல், தயிர். பரிமாறும் முறையை மட்டும் மாற்றினால் போதும்.

பருப்பை மஞ்சளும் உப்பும் போட்டு இறக்கிவிட்டுத் தாளிப்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மிளகாய்ப்பொடி, ஊறுகாய், நெய், நறுக்கிய கொத்தமல்லி எல்லாம் மேசைக்கு வரட்டும், வேண்டியதை வேண்டிய அளவு போட்டுக்கொள்வார்கள். நீங்கள் கரண்டியோடு பக்கத்தில் நிற்கக் கூடாது. “இன்னும் கொஞ்சம்” என்று நாம் வைத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மூச்சுமுட்டச் சாப்பிடுவார்கள். உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். அம்மாவிடம் பழகிய கை.

வெளிநாட்டுப் பிள்ளை என்றாலே காரம் ஆகாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறோம். கொரியாக்காரிக்குக் காரம் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் தொட்டுக்கொள்ளும் கிம்ச்சி, புளிக்கவைத்த காய், பெரும்பாலும் மிளகாய் போட்டதுதான். கொத்தமல்லி வாசனைதான் அவர்களில் பலருக்குப் பிடிப்பதில்லை. என் வீட்டில் இருந்த கொரியப் பெண் முதல் நாள் சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது. ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கி சூப்பாகக் குடித்தாள். சாதத்தை ஸ்பூனில் வெறுமனே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஒரு துண்டு பீன்ஸ் பொரியல், ஒரு துண்டு அப்பளம். எதையும் பிசையவே இல்லை. அவர்கள் வீட்டுச் சாப்பாடே அப்படித்தான்: சாதம், சூப், சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொடுகறி. நம் சமையல் அதற்கு ரொம்ப தூரம் இல்லை. அரிசி மட்டும் பாசுமதி வேண்டாம், உதிரியாக இருக்கும். பொன்னிப் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய விடுங்கள்.

எத்தியோப்பியப் பெண்ணிடம் முதலில் விரதம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பெரும்பாலான வாரங்களில் புதனும் வெள்ளியும் கறி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. ஈஸ்டருக்கு முன் 55 நாளும் அப்படியே. அன்றைக்குத் தயிரும் நெய்யும் இல்லாத நம் சாம்பார் சாதம் அருமையாகக் கைகொடுக்கும். தோசை, ஊத்தப்பம் பற்றிக் கவலையே வேண்டாம். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து அவர்கள் சுடும் இஞ்செரா, ஓட்டை ஓட்டையாக, புளிப்பாக, கிட்டத்தட்ட நம் ஆப்பத்துக்குத் தங்கை. சாப்பிடுவதும் வலது கையால்தான். நன்றாகப் பழகிவிட்டால் ஒரு நாள் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயில் ஊட்ட வருவாள். குர்ஷா என்பார்கள், அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளம். எச்சில் என்று பின்வாங்காமல் வாயைத் திறந்துவிடுங்கள்.

ஒவ்வாமை பற்றி மட்டும் முதல் வேளைக்கு முன்பே இரண்டு பேரிடமும் கேளுங்கள், இதில் கூச்சமே கூடாது. நம் அடுக்களையில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், இட்லிப் பொடியில் எள் என்று கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவோ இருக்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத பிள்ளைக்கு அந்தச் சிட்டிகையே வம்பு, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆகஸ்ட் டெல்லி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் பத்து நாள் பச்சைக் காய், கோல்கப்பா என்கிற பானிபூரி, காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை ராத்திரிக்கு எடுத்து வைப்பது, இதெல்லாம் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் கொடுக்க ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து வீட்டில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சாப்பாட்டுப் பணத்தை வாடகையோடு சேர்க்காமல் தனியாகவே வாங்குங்கள். ராத்திரி வரமாட்டேன் என்று மதியத்துக்குள் சொன்னால் அந்த வேளையைக் கழித்துவிடலாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்ட வீடுகளில் ஒரு பக்கம் மிச்சச் சாதம், மறு பக்கம் முணுமுணுப்பு. கொரியாவில் ஆறு, ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். நம் வீட்டு ஒன்பது மணி வரை அவள் தாங்கமாட்டாள், மாலையில் சுண்டலோ வாழைப்பழமோ கையில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், அண்ணனிடம் ஒரு வேலை. வெளிநாட்டவர் வீட்டில் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார், விடாதீர்கள்.

ஞாயிறு காலை ஐஎன்ஏ மார்க்கெட் போகிறேன். பொன்னி, முருங்கைக்காய், உங்களுக்கு மீன் எல்லாம் அங்கேயே முடித்துவிடலாம். மெட்ரோவில் வந்துவிடுங்கள், பெரிய பையாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்